இரண்டு ஆள் ஆழம்

கதிர்வேல் பாஸ்டர் விடிகாலையில் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். வெயில் ஏறுவதற்குள் அவரைச் சபை வளாகத்து வீட்டுக் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடத்திவிட்டார்கள். பெட்டியின் மோட்டார் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. கால்மாட்டில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவருடைய மனைவி புவனேஸ்வரிக்கு அழுகை வரவில்லை. அது வரும் வரும் என்று மற்றவர்கள் காத்திருந்ததுதான் அவளுக்குச் சங்கடமாக இருந்தது.

தாமல் கிராமத்திலிருந்து வந்த ஒரு பெண் பெட்டியின் மேல் கவிழ்ந்து அழுதாள். "எங்க வூட்டுல ஆறு பேரைத் தண்ணியில முக்கி எடுத்த கை. முக்கறதுக்கு முன்னால காதாண்ட வந்து 'மூச்சு புடிச்சுக்கோ'ன்னு சொல்லுவாரு. ஜெபத்தைவிட அதுதான் எனக்கு ஞாபகம் இருக்குது."

பெண்கள் சிலர் அழுகைக்கு நடுவே சிரித்தார்கள். புவனேஸ்வரியும் சிரித்திருக்கலாம். முகம் அசையவில்லை.

வாசலில் பிளெக்ஸ் கட்டுவதில் ஒரு குழப்பம் நடந்துகொண்டிருந்தது. கதிர்வேல் என்ற பெயரைப் பார்த்த கடைக்காரர் தன்னிடம் தயாராக இருந்த மாதிரியிலேயே படத்தைச் செருகி அடித்து அனுப்பிவிட்டார். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, நடுவில் கோட்டு போட்ட பாஸ்டர், மேலே 'சிவலோக பதவி அடைந்தார்'. சபை வாலிபர்கள் போனில் கத்த, கடைக்காரர், "பேரு கதிர்வேல்னு அனுப்பிட்டு என்னையச் சொல்றீங்களேபா. சிலுவை ஒண்ணு சேத்து அனுப்பியிருக்கலாம் இல்ல?" என்றார்.

பாஸ்டரின் தம்பி சிவபாலன் பிள்ளையார்பாளையத்தில் இன்னும் தறி வைத்திருப்பவர். நெற்றியில் திருநீறோடு வந்து நின்றவர் பிளெக்ஸை அண்ணாந்து பார்த்தார். "இருக்கட்டும் விடுங்கப்பா. எங்கப்பா உசிரோட இருந்தா இதைப் பாத்துதான் மனசு ஆறியிருப்பாரு."

அந்த வரியின் மேல் வெள்ளைக் காகிதம் ஒட்டினார்கள். பெயரை மாற்றச் சொல்லி மிஷன்காரர்கள் ஒரு காலத்தில் வற்புறுத்தியது உண்டு. "தண்ணியில ஆளுதான் முங்கணும், பேரு இல்ல" என்று கதிர்வேல் மறுத்துவிட்டார். நாற்பது வருஷத்துக்கு மேல் அந்தப் பெயரோடுதான் காஞ்சிபுரத்தில் பாப்டிஸ்ட் சபையை நடத்தினார். பழைய மொபெட்டில் வாலாஜாபாத் வரைக்கும் போய், கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் ஜெபம் செய்துவிட்டு வருவார்.

சபைச் செயலாளர் துரைக்கண்ணு செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்து அவள் பக்கத்தில் குனிந்தார்.

"அம்மா, கல்லறைத் தோட்டத்துல கலியன் குழி வெட்டிக்கினு இருக்கான். ரெண்டு ஆள் ஆழமான்னு கேட்டான். ஆமான்னு சொல்லிட்டேன். உங்க காதுலயும் போட்டுடலாம்னு வந்தேன்."

சபைக்கு இருப்பது சின்ன இடம். அதனால் கணவனோ மனைவியோ முதலில் போனால் ஆழமாகத் தோண்டிப் புதைப்பார்கள். பின்னால் போகிறவருக்கு அதே குழியில் மேலே இடம். முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பாலாற்று மணல் கலந்த மண், ஆழம் போனால் பக்கவாட்டில் பலகை கொடுக்காமல் நிற்காது.

"சொல்லிட்டியா?" என்றாள் புவனேஸ்வரி.

"அதுல கேக்கறதுக்கு இன்னா இருக்குதும்மா."

அவள் எழுந்து, "உள்ள வா" என்று சமையலறைக்குப் போனாள். அங்கே மகள் சந்தியா டீக்குப் பால் வைத்துக்கொண்டிருந்தாள்.

"துரைக்கண்ணு, நான் ஞானஸ்நானம் எடுக்கலப்பா. அந்தத் தோட்டத்துல என்னைப் புதைக்கக் கூடாது."

சந்தியா திரும்பினாள். "அம்மா, என்ன உளர்ற?"

உளறவில்லை. இருவரும் தறிக்காரக் குடும்பத்துப் பிள்ளைகளாகக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். இரண்டாம் வருஷம் கதிர்வேல் திருமுக்கூடல் ஆற்றில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தார். பிறகு ஊழியத்துக்கு வந்தார். புவனேஸ்வரி பெட்டி படுக்கையோடு அவர் பின்னால் வந்தாள். ஆனால் தண்ணீருக்குள் இறங்கவில்லை. அந்தச் சபையில் குழந்தைகளுக்குத் தண்ணீர் தெளிக்கும் வழக்கம் கிடையாது. வயது வந்தவர் தானாகச் சபை முன் எழுந்து நின்று, தனக்குள் என்ன நடந்தது என்று சாட்சி சொல்லி, தானே கேட்க வேண்டும். கேட்காத ஆளை இறக்கினால் அது வெறும் குளியல் என்பார் பாஸ்டர்.

ஆரம்பத்தில் ஒருநாள் அவள், "எனக்குள்ள ஒண்ணும் தோணலையே" என்று சொன்னாள். "தோணாம சொல்லாத" என்றார் அவர். அதற்குமேல் அந்தப் பேச்சு அவர்களுக்குள் வரவில்லை. ஞானஸ்நான ஆராதனையில் மேடைப் பலகைகளை எடுத்து அடியில் இருக்கும் தொட்டியில் தண்ணீர் நிரப்புவார்கள். அவள் படியோரம் துண்டுகளோடு நின்று, நனைந்து வரும் பெண்களைப் போர்த்தி உள்ளே அழைத்துப் போவாள். திருவிருந்து ஞாயிறுகளில், முழுக்கு எடுத்தவர்களுக்கான அப்பத்தை வெட்டித் தட்டில் வைத்துவிட்டு, பின்னால் கிண்ணம் கழுவ நின்றுவிடுவாள். வேலையாக இருக்கிறாள் என்று நினைத்தார்களே தவிர, ஞானஸ்நானம் எடுத்தாயா என்று யாரும் கேட்டதில்லை. பாஸ்டரின் மனைவியை இந்தக் கேள்வி கேட்க யாருக்குத் தோன்றும்.

துரைக்கண்ணு அம்மிக்கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். "அடக்கத்துக்கு வேலூர் பாஸ்டர் வந்துக்கினு இருக்காரு. மோட்டார் போட்டா தொட்டி ஒரு மணி நேரத்துல ரொம்பிடும்" என்றார்.

"ரெண்டு வார்த்தை சொல்லும்மா. அப்பாவுக்காக" என்றாள் சந்தியா.

"அப்பாவுக்காகன்னு சொன்னா அது சாட்சி இல்லடி."

"இன்னைக்குத்தான் சட்டம் பேசணுமா நீ?"

காலையிலிருந்து புவனேஸ்வரிக்கு எதிலும் விருப்பம் இல்லாமல் இருந்தது. தண்ணீர் குடிக்க, உட்கார, யாரோடாவது பேச, எதற்கும். இந்தக் குழிப் பேச்சு வந்த பிறகு ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அந்தக் குழியில் அவருக்கு மேலே போய்ப் படுக்க அவளுக்கு ஆசை இருந்தது.

துரைக்கண்ணு எழுந்தார். "தொட்டியும் வேணாம், ஒண்ணும் வேணாம். நீங்க சொல்லல, நான் கேக்கல. கலியன் வெட்டட்டும்."

"உன் தம்பிக்கு என்ன சொன்னாங்க துரைக்கண்ணு?"

அவர் அடுப்பைப் பார்த்தார். தம்பி ஆனந்தகுமார் சின்ன வயதிலிருந்து சபையில் கீபோர்டு வாசித்தவன். அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று ஞானஸ்நானத்தைத் தள்ளிக்கொண்டே இருந்தபோது லாரியில் அடிபட்டுப் போனான். ஞானஸ்நானம் எடுக்காதவனுக்குத் தோட்டத்தில் இடம் இல்லை என்று சொன்னது கதிர்வேல் பாஸ்டர்தான். நகராட்சி மயானத்தில் புதைத்தார்கள். பாஸ்டர் அங்கே வந்து ஜெபித்து, மண் மூடி முடியும்வரை வெயிலில் நின்றார். துரைக்கண்ணு சில மாதங்கள் சபைப் பக்கம் வரவில்லை.

"அதான் சொல்றேன்" என்றார் துரைக்கண்ணு. "ஒரு ஆளுக்கு அப்படி நடந்தது போதும்மா."

பால் பொங்கியது. சந்தியா அடுப்பை அணைத்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சரிம்மா, ஒண்ணு செய்யலாம். இன்னைக்கு ஆழமா வெட்டி வெக்கட்டும். உனக்கு எப்ப தோணுதோ அப்ப கேட்டுக்கோ. நாளைக்கோ, பத்து வருஷம் கழிச்சோ. அப்பாகூட அதைத் தப்புன்னு சொல்ல மாட்டாரு" என்றாள்.

இதில் பொய் எதுவும் இல்லை. புவனேஸ்வரி சிங்க்கின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூடத்திலிருந்து யாரோ பாட்டு ஆரம்பித்து, சுருதி சேராமல் நிறுத்தி, மறுபடி ஆரம்பித்தார்கள்.

"வேணாம்" என்றாள். "ஆழமா வெட்டிட்டா தினம் அதுதான் கண்ணு முன்னால நிக்கும். அப்புறம் எனக்கு நெஜமாவே ஏதாவது தோணினாலும், சாமிக்காகத் தோணிச்சா, அவராண்ட படுக்கறதுக்காகத் தோணிச்சான்னு எனக்கே தெரியாம பூடும். ஒரு ஆள் ஆழம் போதும்னு சொல்லிடு."

துரைக்கண்ணு நகரவில்லை. "என் வாயால சொல்ல மாட்டேன்மா."

"அப்போ வண்டியை எடு. நானே சொல்றேன்."

பிணத்தை வைத்துக்கொண்டு பொண்டாட்டி துரைக்கண்ணுவின் பின்னால் ஸ்கூட்டரில் ஏறிப் போவதைத் தெருவே பார்த்தது. சிவபாலன், "அண்ணி, எங்க போறீங்க?" என்று இரண்டு அடி கூட வந்தார். அவள் வந்துவிடுவதாகக் கையைக் காட்டினாள்.

கல்லறைத் தோட்டத்தில் கலியன் மார்பளவு ஆழக் குழியில் நின்றிருந்தான். மேலே சரிவுக்குக் கொடுக்கப் பலகைகள் தயாராகக் கிடந்தன. அவளைப் பார்த்ததும் தலைத் துண்டை அவிழ்த்தான்.

"நீங்க ஏம்மா வந்தீங்க? இன்னும் இதே அளவு வெட்டணும். வெட்டறதுக்கு மண்ணு நல்லாத்தான் குடுக்குது."

"போதும்பா. இதோட நிறுத்திக்கோ."

கலியன் துரைக்கண்ணுவைப் பார்த்தான். துரைக்கண்ணு வேறு எங்கோ பார்த்தார்.

"அப்போ உங்களுக்கு?"

"எனக்கு இங்க இல்ல."

"வேற எங்க?"

"தெரியலப்பா."

அவன் மேலே ஏறுவதற்காக மண்வெட்டியை வெளியே வைத்தான். அவள் குழியின் விளிம்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அடியைப் பார்த்தாள். இன்னும் ஆழம் போவதற்காக வெட்டிய தரை, தலைப்பக்கம் தாழ்ந்தும் கால்பக்கம் மேடாகவும் இருந்தது.

"கலியா, அடியைச் சமமாக்கிடு. தலை தாழ்ந்து இருந்தா அவரால படுக்க முடியாது. இருமல் வந்துடும்."

கலியன் மண்வெட்டியை மறுபடி உள்ளே இழுத்துக்கொண்டான். மேட்டைச் சீவித் தலைப்பக்கம் தள்ளி, மண்வெட்டியின் முதுகால் தட்டினான். அவள் கையால் காட்டிய இடத்தில் இன்னும் கொஞ்சம் போட்டான். அவன் முடித்து வெளியே வரும்வரை அவள் எழுந்திருக்கவில்லை.