திரை முழுக்க என் கையெழுத்து

1.

இந்தக் கதை என் கட்டிலுக்கடியிலிருந்து திருடப்பட்டது. [திருட்டு என்றால் அண்ணன் கோபித்துக்கொள்வான். இருக்கட்டும்.]

2.

முதல் தொடக்கம்: ‘பேய் வீட்டுக்குள் வந்த அன்று நல்ல மழை…’ அடித்துவிட்டேன். மழையே இல்லை.

அண்ணன் ஒரு பழைய பேய்க்கதையைக் குறும்படமாக எடுத்தான். வாடகைக்கு வந்தவன் ஒரு நாட்குறிப்பைக் கண்டெடுக்கிறான். அதில் தினமும் ஒரு பக்கம் தானாகவே எழுதப்பட்டிருக்கும், செத்துப்போன பெண்ணின் கையெழுத்தில். படப்பிடிப்புக்குப் பழைய நோட்டு கிடைக்கவில்லை. புது நோட்டில் டீயை ஊற்றிப் பார்த்தார்கள். அது நனைந்த புது நோட்டாகத்தான் தெரிந்தது.

3.

ஞாயிறு மதியம் லேப்டாப்பைச் சுற்றி அம்மா, அண்ணன், படத்தை வெட்டி ஒட்டும் அவன் நண்பன் கத்திரி, நான். படத்தில் நாட்குறிப்பு திறந்தது. திரை முழுக்க என் எழுத்து:

‘அம்மாவிடம் படிப்பு பிடிக்கவில்லை என்று சொன்னது பொய். வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் எனக்குக் குரல் வராது. கடைசியாக ஒரு பாடவேளை முழுக்க நின்றேன். எல்லாரும் சிரித்தார்கள். மறுநாளிலிருந்து பள்ளிக்குப் போகவில்லை.’

[‘அதிர்ச்சி’ என்று எழுதி அடித்தேன். போதாது. காது அடைத்துவிட்டது. மடியில் கிடந்த கைகள் யாருடையவோ போலிருந்தன.]

“நிறுத்துடா. யாரு நோட்டு இது?” என்றாள் அம்மா.

“பழசா இருந்துச்சும்மா… இவ கட்டிலுக்கடியில…”

“அடப்பாவி, படிச்சுப் பாக்கலையா?”

“எழுத்து தெரிஞ்சா போதும்னு நெனச்சேன்.”

“படத்துலயே இந்த ஷாட்தான் ஆன்ட்டி பயமா இருக்கு,” என்றான் கத்திரி. அம்மா பார்த்த பார்வையில் அவன் வாய் மூடிக்கொண்டது.

4.

முடிவு அ: அண்ணன் அந்த நாலு விநாடியை வெட்டிவிடுகிறான்.
முடிவு ஆ: நான் நோட்டைக் கொளுத்திவிடுகிறேன்.

இரண்டும் பொய்.

இரண்டு வருஷமாகச் சொந்தக்காரர்களிடமெல்லாம் “இவளுக்குப் படிப்பு ஏறல” என்று சொல்லிவந்த அம்மா, நோட்டை எடுத்துவரச் சொல்லி என் கையில் வைத்தாள்.

“நோட்டு சொல்லிடுச்சு. இப்ப நீ சொல்லுடி.”

எழுந்து நின்றேன். யாரும் சிரிக்கவில்லை. வாயைத் திறந்

5.

அந்த வாக்கியத்தை முடிக்க முயன்று மூன்று தாள்களைக் கிழித்தாகிவிட்டது. இனி உங்கள் பாடு. நோட்டின் அந்தப் பக்கம் மேலே மூன்றாம் பகுதியில் இருக்கிறது. எழுந்து நில்லுங்கள். வீட்டில் யாராவது ஒருவர் காதில் விழும்படி வாசியுங்கள். ‘அம்மாவிடம்’ என்ற முதல் சொல் வெளியே வர எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள்.

அவ்வளவு நேரமாக நான் நின்றுகொண்டிருக்கிறேன்.