சுத்தத் தண்ணீர் பாட்டில்

ஏரிக்கரை நாணல் மறைவில் பதினொரு வருடம் உட்கார்ந்ததில் பெரியவளுக்கு முதுகுவலிதான் மிச்சம். கணக்கெடுப்பு நோட்டில் நீர்நாய் என்ற கட்டத்தில் ஒவ்வொரு மாதமும் ஒரே பதில்: இல்லை. போன மாதம்தான் அவள் தங்கை அதே வனவிலங்குக் கணக்கெடுப்பு அலுவலகத்தின் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். பத்தாம் நாளே ஒரு பாட்டில் ஏரித் தண்ணீரை வடிகட்டி, அதில் கலந்து கிடந்த மரபணுவைப் பார்த்து, நீர்நாய் இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். நீந்துகிற விலங்கு தோல், முடி, எச்சில் என்று எதையாவது தண்ணீரில் விட்டுவிட்டுப் போகுமாம். காத்திருந்தவன் பெண்டாட்டியை நேற்று வந்தவன் கொண்டுபோன கதைதான்.

அதிகாரி எல்லார் முன்னாலும் தங்கையைப் பாராட்டினார். பெரியவளும் கைதட்டினாள், வயிறு எரிந்தது. சின்ன வயதிலும் இப்படித்தான். இவள் விழுந்து விழுந்து படிப்பாள், அவள் பரீட்சைக்கு முதல்நாள் புத்தகத்தைப் புரட்டிவிட்டு முதல் மார்க் வாங்குவாள்.

இன்று மறுசோதனை. இதிலும் நீர்நாய் இருப்பது உறுதியானால்தான் ஏரி பிழைக்கும். இல்லாவிட்டால் மண் கொட்டி மூட லாரிகள் தயாராக நிற்கின்றன. தங்கை ஒரு பாட்டிலை நீட்டினாள்.

"இது வெறும் சுத்தத் தண்ணிக்கா, ஒப்பிட்டுப் பாக்கறதுக்கு. ஏரித் தண்ணி ஒரு சொட்டு பட்டாலும் போச்சு. இதுலயும் நீர்நாய் காட்டுச்சுன்னா, நாமதான் கலந்துட்டோம்னு மொத்தத்தையும் குப்பையில போட்டுருவாங்க. உன்னைத் தவிர யாரையும் நம்பி நான் இதைக் குடுக்க மாட்டேன்."

கடைசியாகச் சொன்னதுதான் இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. நல்லவளாகவும் இருந்து தொலைக்கிறாள்.

தங்கை மற்ற பாட்டில்களோடு கரை வளைவில் மறைந்ததும் பெரியவள் மூடியைத் திறந்தாள். ஏரியில் விரலை நனைத்தாள். யோசிக்காமல் செய்தாள் என்று சொன்னால் பொய். தங்கை ஒரே ஒரு தடவை தோற்கட்டும் என்று நன்றாக யோசித்துத்தான் விரலைப் பாட்டிலுக்குள் விட்டாள். மூடினாள்.

நிமிர்ந்தால், பத்தடி தூரத்தில் ஒரு தலை. தட்டைத் தலை, ஈர மீசை, வாயில் துடிக்கும் மீன். அது அவளையே பார்த்தது. கேமரா பக்கத்தில்தான் இருந்தது, கை நகரவில்லை. கண்ணில் நீர் முட்டியது. அது மெதுவாக முங்கிப் போனது.

"என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" தங்கை திரும்பி வந்திருந்தாள். "ஏதாவது பாத்தியா?"

பெரியவள் வாயைத் திறந்தாள். தங்கை பாட்டிலுக்காகக் கையை நீட்டியபடி நின்றாள். தண்ணீரில் வளையங்கள் விரிந்து விரிந்து கரையைத் தொட்டன. பெரியவளின் விரல் நுனி இன்னும் காயவில்லை.