ஏகமனதாக

சீருடைக் கோட்டின் கடைசிப் பொத்தானை அவள் மறுபடியும் இழுத்துப் பார்த்தாள். வயிறு விடவில்லை. துணி மடித்துக்கொண்டிருந்த மாமியார் அதைக் கவனித்துவிட்டு, இனி அந்தக் கோட்டு எதற்கு, யாருக்காவது கொடுத்துவிடலாமே என்றாள். குரலில் கோபம் இல்லை, நிம்மதி இருந்தது. வீட்டுக்குள் நுழையும்போதே மகன் அம்மாவிடம்தான் முதலில் விஷயத்தைச் சொல்லியிருந்தான்.

அவள் திரும்பிக் கணவனைப் பார்த்தாள். விமானக் கம்பெனித் தொழிற்சங்கத்தின் செயலாளர் அவன். மேடைப் பேச்சைக் கேட்டுத் தோழர்கள் 'இடி' என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்த இடி இப்போது குனிந்து உட்கார்ந்து, அவிழ்ந்து கிடந்த ஷூ லேசையே மீண்டும் அவிழ்த்துக்கொண்டிருந்தது.

"நம்ம கோரிக்கை என்னாச்சுங்க?"

"பேச்சுவார்த்தை முடிஞ்சிருச்சு. சம்பளம் ஏறுது. ஓவர்டைம் ஏறுது. வேலையை விட்டுத் தூக்கினவங்க எல்லாரையும் திரும்ப எடுத்துக்கறாங்க."

"நான் கேட்டது அது இல்ல."

அந்தக் கம்பெனியில் ஒரு விதி உண்டு. விமானப் பணிப்பெண்ணுக்கு வயிறு தெரிய ஆரம்பித்தால் வேலை போய்விடும். விடுப்பு அல்ல, வேலையே போய்விடும். பிள்ளை பெற்றவள் தட்டு நீட்டினால் பயணிகள் முகம் சுளிப்பார்களாம். இதைக் கண்டுபிடித்த மகான்கள் எந்த வயிற்றிலிருந்து வந்தார்களோ தெரியவில்லை. அந்த விதியை எடுக்க வேண்டும் என்பதும் சங்கத்தின் கோரிக்கைகளில் ஒன்று. அதை எழுதிச் சேர்த்தவனே இவன்தான்.

வேலைநிறுத்தம் சும்மா ஜெயித்துவிடவில்லை. நிர்வாகம் வெளியிலிருந்து கூலிக்கு மெக்கானிக்குகளைக் கொண்டுவந்து விமானங்களைத் தயார் செய்துவிட்டது. கேட்டில் உட்கார்ந்திருந்த ஆண்களுக்கு அன்றைக்கு முகம் செத்துப்போயிற்று. பணிப்பெண்கள்தான் ஏற மாட்டோம் என்று நின்றார்கள். அவர்கள் இல்லாமல் பயணிகளை ஏற்றிக்கொண்டு விமானம் கிளம்பக் கூடாது என்பது சட்டம். துடைத்து வைத்த விமானங்கள் நின்ற இடத்திலேயே நின்றன. மானேஜர் பேச்சுக்கு இறங்கி வந்தது அதற்குப் பிறகுதான். இவளும் வாந்தியை அடக்கிக்கொண்டு கேட்டில் கோஷம் போட்டவள்.

"ஏதாவது ஒண்ணை விட்டுக் குடுத்தாத்தான் கையெழுத்துன்னு மானேஜர் ஒத்தைக் கால்ல நின்னாரு," என்றான் இடி.

எதை விட்டான் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. சாமான் ஏற்றும் லோடர்கள் விஷயத்தில் கை வைத்தால் அவர்கள் அடிக்க வருவார்கள். மெக்கானிக்குகள் விஷயத்தில் கை வைத்தால் செயலாளர் பதவி போய்விடும். பெண்கள் விஷயத்தில் கை வைத்தால் என்ன ஆகிவிடும்? அழுவார்கள். அதையும் வீட்டுக்குப் போய்த்தான் அழுவார்கள்.

பிறகு அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது. "ஆனா ஒண்ணு வாங்கிட்டேன். ஊழியரோட சம்சாரத்துக்குப் பிரசவச் செலவு முழுக்கக் கம்பெனியே பாத்துக்கும். உனக்கும் கிடைக்கும்."

"எந்த முறையில?"

"என் சம்சாரம்ங்கிற முறையிலதான்."

மகனின் சாமர்த்தியத்தில் மாமியார் பூரித்துப்போனாள். அவளுக்கோ வயிற்றெரிச்சலில் சிரிப்புதான் வந்தது. ஒரே வயிறு, ஒரே பிள்ளை. அவன் பெயரில் பெற்றால் கம்பெனி ஆஸ்பத்திரிக்குப் பணம் கட்டும். அவள் பெயரில் பெற்றால் வாசலைக் காட்டும். அடுத்த ஒப்பந்தத்தில் கட்டாயம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவன் சமாதானம் சொன்னான். அடுத்த ஒப்பந்தம் வருவதற்குள் பிள்ளை பள்ளிக்கூடம் போய்விடும். நாளைக்குச் சங்கக் கூட்டத்துக்கு வர வேண்டாம், உடம்புக்கு அலைச்சல் என்றும் சொன்னான்.

அவள் போனாள்.

ஒப்பந்தம் செல்லுபடியாக வேண்டுமானால் உறுப்பினர்கள் கை தூக்கிச் சம்மதிக்க வேண்டும். மண்டபம் நிறைந்திருந்தது. இடி நன்றாகவே முழங்கினான். தியாகம் என்றான். சகோதரிகளின் தியாகம் என்று தனியாகவும் ஒரு தரம் சொன்னான். அதற்குத்தான் கைதட்டல் அதிகம். ஆதரிப்பவர்கள் யார் என்றதும் மண்டபமே கை தூக்கியது. எதிர்ப்பவர்கள் யார் என்று ஒரு பேச்சுக்குக் கேட்டுவிட்டு, கையிலிருந்த தாளை மடிக்கத் தொடங்கினான்.

அவள் கை தூக்கினாள். அவளுக்குப் பின்னால் சுவரோரம் நின்ற பணிப்பெண்களும் தயங்கித் தயங்கித் தூக்கினார்கள். அவன் பார்த்தான். பார்த்ததை எல்லாரும் பார்த்தார்கள்.

"ஒப்பந்தம் ஏகமனதாக நிறைவேறியது," என்றான்.

நாற்காலிகள் நகர்ந்தன. ஆண்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். அவள் கை மட்டும் இறங்கவில்லை. பக்கத்திலிருந்த வயதான மெக்கானிக், நல்ல மனிதர், கூச்சத்தோடு அவள் பக்கம் குனிந்தார்.

"அதான் முடிஞ்சிருச்சேம்மா. கையை இறக்கு, வலிக்கப் போவுது."

"உங்களுக்கு முடிஞ்சிருச்சுண்ணே," என்றாள் அவள். "என்னை இன்னும் எண்ணலையே."

மேடையில் அவள் கணவன் மைக்கை அணைத்துவிட்டு, இறங்கிப் போக வேறு வழி இருக்கிறதா என்று பார்த்தான்.