நீலக் கேன்கள்

காலையில் வாய் பிதுங்க நின்ற பழைய பிளாஸ்டிக் மூட்டை, அரைக்கும் முன்பே, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தொய்ந்து கிடந்தது. நாலைந்து நாளாக இதே கதை. வீட்டை ஒட்டிய அந்தப் பட்டறையில் இருப்பதே மூன்று பேர்தான்: பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் வார்க்கும் கணவன், தரம் பிரிக்கும் பெரியவள், அரவை மெஷினில் நிற்கும் அவள் ஓரகத்தி சின்னவள்.

"பொறந்த வீட்டுக்குக் கடத்துறா போலிருக்கு," என்று கணவனிடம் முணுமுணுத்தாள் பெரியவள்.

"கண்டுக்காத, விடு."

எச்சில் கையால் காக்கை ஓட்டாத மனிதன் இப்படிப் பெருந்தன்மை காட்டியது அவளுக்கு இன்னும் உறுத்தியது.

மறுநாள் சின்னவள் கோணியோடு பின்பக்கம் நழுவியபோது, இவளும் பூனைபோல் பின்தொடர்ந்தாள். சுவரோரம் குந்தியிருந்த சின்னவள், நீலக் கேன்களைத் திருப்புளியால் குத்தி ஓட்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"கையும் களவுமா மாட்டினியா!"

சின்னவள் பதறவில்லை. ஒரு கேனை நீட்டினாள். "மோந்து பாருங்கக்கா."

மூக்கு எரிந்தது. பூச்சிமருந்து.

"மாமாதான் மலிவா வாங்கிட்டு வர்றாரு. லேபிளைக் கிழிச்சுட்டு மூட்டைக்குள்ள சொருகிடறாரு. நாம செய்யறது சாப்பாட்டு டப்பாக்கா. நாலு நாளாத்தான் பொறுக்கி எடுக்கறேன், அதுக்கு முன்னாடி எவ்வளவு அரைச்சேனோ. வேற யாரும் எடுத்துத் தண்ணி பிடிச்சிடக் கூடாதுன்னுதான் ஓட்டை போடறேன்."

"என்கிட்ட ஏன்டி சொல்லல?"

"உங்களுக்கும் தெரிஞ்சுதான் நடக்குதோன்னு நெனச்சேன்."

பெரியவளுக்குச் சுருக்கென்றது. நேரே கணவனிடம் போய்க் கேட்டாள்.

"உருக்குற சூட்டுல எந்த விஷம் நிக்கும்? போய் வேலையப் பாரு."

அவள் சண்டை போடவில்லை. அன்று வார்த்த டப்பா ஒன்றில் தண்ணீர் பிடித்து நீட்டினாள். "அப்ப குடிங்க."

அவன் டப்பாவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். "இப்ப தாகமில்ல."

அவள் மெயின் சுவிட்சை அணைத்தாள்.

ஓரகத்திகள் இருவரும் பாத்திரக்கடைக்குப் போய், கொடுத்த டப்பாக்களைத் திருப்பிக் கேட்டார்கள். கடைக்காரர் கண்ணைச் சுருக்கினார்.

"நல்லா போற சரக்கை யாராவது திருப்பிக் கேப்பாங்களா? எவனோ கூட வெலை சொல்லியிருக்கான்!"

பெரியவள் உள்ளதைச் சொன்னாள். செய்தது தன் கணவன் என்பதையும் மறைக்கவில்லை. கடைக்காரர் முகம் வெளுத்து, மிச்சத்தை வாரிக் கொடுத்தார். விற்றுப்போனவற்றைத் திருப்பித் தரச் சொல்லிச் சின்னவள் கடை வாசலில் எழுதி ஒட்டினாள். சிலர் கொண்டுவந்தார்கள்; பலர் வரவேயில்லை.

இப்போது பட்டறையில் வார்ப்பது குப்பைக்கூடை மட்டும்தான். கணவன் அதிகம் பேசுவதில்லை. எப்போதாவது அவன் சிரித்துப் பேசினால், பெரியவள் போய் மூட்டையைக் கிளறி முகர்ந்து பார்க்கிறாள்.