ஓடும்போது மறையும் கடலடி

ஏழாம் நாளோடு அரசாங்கத் தேடுதல் நின்றுவிட்டது. தனியாக மீன் பிடிக்கப் போன மயூரனும் அவன் படகும் பினாங்குத் தீவுக்குத் தெற்கே எங்கேயோ அமிழ்ந்திருக்க வேண்டும். மேலே கிடைத்தது ஒரு மிதவைச் சட்டை மட்டும்தான்.

அவனுடைய அக்கா கீர்த்திகா வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுத் தீவின் பத்து மாவுங் படகுத்துறைக்கு வந்தாள். தூண்டில்காரர்களைக் கடலுக்கு ஏற்றிச் செல்லும் ஷேக் அலாவுதீன் அங்கே காத்திருந்தார். மயூரனை அவருக்குப் பல வருடப் பழக்கம்.

"நம்ம போட்ல தேடுவோம் தங்கச்சி. மீன் எங்க இருக்குன்னு திரையில காட்டுற ஃபிஷ் ஃபைண்டர் இருக்குல்ல. அடியில படகு கிடந்தா மேடு மாதிரி காட்டும்."

நான்கு நாள் தேடினார்கள். மெதுவாகப் போனால் கடலடி திரையில் ஒரே கோடாகத் தெளிவாக ஓடியது. ஆனால் அந்த வேகத்தில் ஒரு நாளைக்கு ஒரு சிறு துண்டுக் கடல்தான் முடிந்தது. பிற்பகலில் காற்று கிளம்பிவிடும், திரும்பியாக வேண்டும். வேகமாகப் போனாலோ திரை முழுக்கப் புள்ளி புள்ளியாய்ச் சிதறியது. கோடு அறுந்து காணாமல் போனது. திரையையே பார்த்திருந்த கீர்த்திகாவின் கண்கள் எரிந்தன.

"நாளைக்கு முடியாதுன்னா சொல்லுங்கண்ணே."

"முடியாதுன்னு நான் சொன்னேனா?" சுள்ளென்று விழுந்தார். படகைத் துறைக்குத் திருப்பினார்.

மறுநாள் விடியற்காலை நீர் வற்றி, படகு சேற்றில் அமர்ந்திருந்தது. ஷேக் அலாவுதீன் முழங்கால் வலியோடு படகின் பின்னால் மண்டியிட்டுப் பார்த்தார். ஒலியை அனுப்பி வாங்கும் சென்சார், அடிப்பலகையில் நீளவாக்கில் புடைத்திருந்த வரம்பு ஒன்றுக்கு நேர் பின்னால் பொருத்தப்பட்டிருந்தது. படகு ஓடும்போது அந்த வரம்பை ஒட்டி வரும் காற்றுக்குமிழிகள் நேராக அதன்மேல் பாய்ந்து ஒலியைக் குலைக்கும். மீன் பிடிக்கப் போகும்போதெல்லாம் படகை நிறுத்திவிட்டே திரையைப் பார்த்ததால் குறை அவருக்குத் தெரியவே இல்லை.

"என் தப்புலா," என்றார். "நாலு நாள வீணாக்கிட்டேன்."

"எத எங்க மாத்தணும்னு சொல்லுங்கண்ணே," என்றாள்.

வழவழப்பாக இருந்த பக்கத்துக்கு, இன்ஜின் விசிறியிலிருந்து தள்ளி, சென்சாரை மாற்றினார்கள். அதன் முகம் படகின் அடியைவிடச் சற்றே தாழ்ந்திருக்கும்படி இறக்கினார்கள். பழைய துளைகளை அடைத்தார்கள். இன்ஜின் வயரோடு சேர்த்துக் கட்டியிருந்த அதன் கேபிளைப் பிரித்துத் தனியாக இழுத்தார்கள். நீர் ஏறியதும் ஓட்டிப் பார்த்தால் திரையில் இன்னும் அதே புள்ளிகள். நிறுத்தி, சாய்வைத் திருத்தினார். திரும்பவும் புள்ளிகள். மறுபடி திருத்தி, திரையின் உணர்திறனையும் குறைத்தார்.

"ஓட்டுங்க... இன்னும் வேகமா... கோடு நிக்குதுண்ணே!"

சந்தோஷப்படக்கூட இருவருக்கும் தெம்பில்லை. அன்றைக்கு மட்டும் முன்பு நான்கு நாளில் பார்த்த கடலைவிட அதிகம் பார்த்தார்கள். வேகத்தில் மேடுகள் நகத்தளவே தெரிந்தன. ஒவ்வொன்றுக்கும் திரும்பி வந்து, மெதுவாக மேலே ஓட்டிப் பார்த்தார்கள். ஒன்று பாறை. இன்னொன்று மீன்கூட்டம்.

இரண்டாம் நாள் முற்பகலில், மட்டமான சேற்றுத் தரையில் கூரான விளிம்புள்ள மேடு ஒன்று தெரிந்தது. ஷேக் அலாவுதீன் ஃபோன் செய்ததும், முக்குளிக்கத் தெரிந்த நண்பர் ஹைருல் தன் படகில் வந்து நீருக்குள் இறங்கினார். மேலே வந்தவர் முகமூடியைக் கழற்றினார்.

"மயூரன் படகுதான். கேபினுக்குள்ள இருக்கான்."

கீர்த்திகா வீட்டுக்கு ஃபோன் போட்டாள். முதல் மணியிலேயே அப்பா ஏரம்பமூர்த்தி எடுத்தார்.

"தம்பியக் கண்டுபிடிச்சிட்டோம்பா."

"உயிரோடயாம்மா?"

"இல்லப்பா."

அதிகாரிகளுக்குத் தகவல் சொன்னதும், தங்கள் படகு வர ஒன்றரை மணி நேரமாகும் என்றார்கள். மூவரும் நங்கூரம் போட்டுக் காத்திருந்தார்கள். பலகையில் சுருண்டு படுத்த கீர்த்திகா, இரண்டு வாரத்தில் முதல் முறையாக, முகத்தில் வெயில் விழுந்தும் விழிக்காமல் தூங்கினாள்.