கைதட்டச் சொன்ன நட்சத்திரம்

"செலாசே தோட்டத்து ஜனங்க யாராச்சும் இந்த ஹால்ல இருக்கீங்களா? எழுந்து நில்லுங்க, நான் பார்க்கணும்!"

மேடையில் நடிகர் புவனேசன் கையை நீட்டிக் கேட்டதும், பட்டமளிப்பு அங்கியோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ரூபினி நிமிர்ந்தாள். சட்டென்று திரும்பினாள். நினைத்தது சரி. பெற்றோர் வரிசையில் அவள் அம்மா தங்கமலர் பட்டுப்புடவை சரசரக்க எழுந்து, வாயெல்லாம் பல்லாக நின்றுகொண்டிருந்தாள்.

நிற்காமல் என்ன செய்வாள்? சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு டிவி நாடகத்தில் அவள் பார்த்து உருகும் முகம், நேரில் வந்து கூப்பிடுகிறது. கையை வேறு ஆட்டினாள்.

குருண் நகருக்குப் பக்கத்தில் உள்ள தனியார் தாதியர் கல்லூரி அது. பட்டம் வாங்கும் பிள்ளைகளுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லத்தான் புவனேசனை அழைத்திருந்தார்கள். மாலை விழுந்தது, பொன்னாடை விழுந்தது. கனவு, உழைப்பு, வெற்றி என்று ஆரம்பித்த பேச்சு, நைசாக இடைத்தேர்தல் பக்கம் வளைந்தது. வேட்பாளர் பெயர் திரும்பத் திரும்ப வந்தது. ரூபினி அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். நடிகருக்கும் ஓட்டு உண்டு, வாயும் உண்டு.

"இந்த அம்மாவைப் பாருங்க! இவங்களுக்கெல்லாம் வீடு கட்டிக் கொடுத்தவர் நம்ம வேட்பாளர், என் நண்பர். இந்தச் சிரிப்பு பொய் சொல்லுமா? கைதட்டுங்க லா!"

ஹால் அதிர்ந்தது. கேமராக்காரன் அம்மாவின் முகத்துக்கு நேரே போய் நின்றான்.

வீடாம், வீடு! செலாசே ரப்பர்த் தோட்டத்தை விற்றாயிற்று. தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்துக்குத் தண்ணீரை வெட்டியாயிற்று. மாற்று வீடு தராமல் நகரமாட்டோம் என்று சில குடும்பங்கள் மட்டும் வழக்குப் போட்டு உட்கார்ந்திருக்கின்றன. அதற்குத் தலைவியே தங்கமலர்தான். அடுத்த வாரம் கோர்ட்டு. அதற்குள் இந்த வீடியோ ஊரெல்லாம் சுற்றினால்? எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் கொண்டாட்டம். பக்கத்து வீட்டுக்காரர்களோ, "நீ மட்டும் ரகசியமா வாங்கிட்டியா?" என்று கேட்பார்கள்.

அம்மாவின் சிரிப்பு பாதியில் செத்தது. புவனேசன் என்ன சொன்னார் என்பது இப்போதுதான் உறைத்தது. உட்காரவும் தோன்றாமல் விழித்தாள்.

அடுத்தது நன்றியுரை. சிறந்த மாணவி என்பதால் அது ரூபினியின் வேலை. கல்லூரி முதல்வர் சுகந்தினி குனிந்து அவள் காதருகே வந்தார்.

"முகமே சரியில்லையேம்மா. எழுதிக் கொடுத்ததை மட்டும் வாசி. இது படிப்பு மேடை, அரசியல் வேண்டாம்."

"அவர் பேசினது என்ன மேடம்?"

"அது ஊக்கவுரை."

"நான் பேசினா?"

"நீ பேசினா, ஆஸ்பத்திரி வேலைக்கு நான் தர்ற சிபாரிசு இல்லை. யோசிச்சுக்கோ."

யோசிக்க என்ன இருக்கிறது? மேடையேறுவதற்குள் காகிதம் அவள் கைக்குள் கசங்கிவிட்டது.

"புவனேசன் அண்ணே, நீங்க அரசியல் பேசினதை நான் தப்புன்னு சொல்லலை. பேசுங்க. ஆனா பொய்யைப் பேசிட்டு, எங்க அம்மா சிரிப்பைச் சாட்சிக்கு இழுத்தீங்களே, அதான் தப்பு! செலாசேயில யாருக்கும் வீடு கிடைக்கலை. அங்கே தண்ணியே..."

மைக் செத்தது.

"அலாமாக்!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள் ஒரு மாணவி. பெற்றோர் வரிசையிலிருந்து கிளம்பியது தங்கமலரின் குரல். மரத்துக்கு மரம் ஆள் கூப்பிட்டுப் பழகிய தொண்டை, அதற்கு மைக் எதற்கு?

"தம்பி புவனேசா! எனக்கு வீடு கொடுத்துட்டாங்கன்னியே, எங்கய்யா இருக்கு? சாவி உன்கிட்டயா, உன் நண்பர்கிட்டயா?"

பின்வரிசையில் யாரோ பக்கென்று சிரித்தார்கள். புவனேசன் நாற்காலியில் நெளிந்தார். ரூபினியைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கு எழுதிக் கொடுத்தாங்கம்மா. நான் படிச்சேன், அவ்வளவுதான் லா."

"எனக்கும்தான் எழுதிக் கொடுத்தாங்க. நான் படிச்சேனா?"

மாலையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, பக்கவாட்டுக் கதவு வழியாக ஆள் நழுவினார்.

ரூபினி விடவில்லை. அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். கார் நிறுத்துமிடத்தில் அம்மா அவளுக்கு முன்பே போய் நின்றிருந்தாள்.

"அக்கா, அந்த வீடியோவை அழிக்கச் சொல்லிடறேன், போதுமா?" என்றார் புவனேசன் அம்மாவிடம்.

"போதாது," என்றாள் ரூபினி. "பார்த்தவங்க மண்டையில இருக்கிறதை எப்படி அழிப்பீங்க? நீங்க கூப்பிட்டதும் எங்க அம்மா எழுந்து நின்னாங்கல்ல? இப்ப நாங்க கூப்பிடறோம். எங்க லயத்துக்கு முன்னால வந்து நில்லுங்க. அங்கே என்ன இருக்கோ, அதை அதே கேமராவுக்குச் சொல்லுங்க."

"எனக்கு ஷூட்டிங் இருக்குமா..."

தங்கமலர் காரின் பின்கதவைத் திறந்தாள். உள்ளே ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, இறங்குங்க!"

"தண்ணியை வெட்டியும் நான் இறங்கலை. நீ சொல்லியா இறங்குவேன்?"

அதற்குள் அங்கிகள் காரைச் சூழ்ந்துவிட்டன. பெற்றோர்கள், பிள்ளைகள், கையெல்லாம் ஹேண்ட்போன். எல்லாமே புவனேசன் முகத்துக்கு நேராக. கேமரா முன்னாலேயே வாழ்ந்த மனுஷனுக்கு அன்றைக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அம்மாவுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

வாசலில் சுகந்தினி நின்றிருந்தார். "ரூபினி! போனா உன் வேலை போச்சு!"

ரூபினி அவரை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு முன்கதவைத் திறந்து டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நேரா போங்கண்ணே. வழி நான் சொல்றேன்."