நான் விட்டுவிட்ட அடிக்குறிப்பு

1

“அதைத்தான் கேக்குறேன், அந்த ஒரு வரியை மட்டும் எங்கடி காணோம்?”

“எந்த வரி, அக்கா?”

“நடிக்காதே.”

இந்தக் கதை பிறந்தது இங்கேதான். கேட்டவள் என் அக்கா, வக்கீல். சாப்பாட்டு மேசையில் அவள் முன்னால் இரண்டு தாள்கட்டுகள்: ஒரு டாக்டர் ஆங்கிலத்தில் எழுதிய பழைய ஆய்வுக் கட்டுரை, அதற்கு நான் செய்த தமிழ் மொழிபெயர்ப்பு. [‘சிறகொடுங்கிய இரு பறவைகள் போல’ என்று எழுதி அடித்துவிட்டேன். தாள்கள் தாள்களாகவே இருக்கட்டும்.]

2

அப்பா வேலை பார்த்த கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், ஆலையில், அவர் சேர்வதற்கு ஒன்பது வருடம் முன்பே, நாற்பத்தொரு தொழிலாளர்களின் நெஞ்சைப் படமெடுத்துப் பார்த்தவர் அந்த டாக்டர். கல்நார்த் தூசி நுரையீரலைத் தழும்பாக்குகிறது என்று அச்சிலேயே எழுதினார். ‘அன்றைக்கு இது யாருக்கும் தெரியாது’ என்கிறது நிர்வாகம். தெரியும் என்கிறது கட்டுரையின் தேதி. நுரையீரல் கெட்டுப்போன அப்பா ஆலைமேல் போட்டிருக்கும் வழக்கு முழுக்க அந்தத் தேதியில்தான் தொங்குகிறது.

நூலகத்தில் அதைத் தேடி எடுத்தது நான். அழுத்திச் சொல்லிவிடுகிறேன். நான்.

3

இந்தக் கதையின் முதல் வரைவில், விடுபட்ட அந்த வரியைத் தங்கைதான், அதாவது நான்தான், கண்டுபிடிக்கிறாள். அக்கா வாயடைத்து நிற்கிறாள். பொய். நடந்தது வேறு.

அப்பா வாக்குமூலத்தில், “இருபது வருஷம் பஞ்சுலதான் வேலை பார்த்தேன்” என்றார். ஆலையில் எல்லாரும் கல்நாரைப் பஞ்சு என்றுதான் சொல்வார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் பிடித்துக்கொண்டார்: அவரே பஞ்சு என்கிறாரே, கல்நார் எங்கே வந்தது?

கட்டுரையின் ஐந்தாம் பக்க அடியில், பொடி எழுத்தில், ‘இங்குள்ள தொழிலாளர்கள் கல்நாரைப் பஞ்சு என்றே அழைக்கிறார்கள்’ என்று டாக்டர் குறித்திருக்கிறார். படித்தேன். நடையின் ஓட்டத்தைக் கெடுக்கிறதே என்று விட்டுவிட்டேன். ஒரு நாவலைக்கூட முழுசாகப் படித்திராத அக்கா, மூலத்தில் ஸ்கேல் வைத்து வரிவரியாக ஒப்பிட்டுப் பிடித்துவிட்டாள்.

அக்கா மேல் பொறாமை. டாக்டர் மேலும்தான். கட்டுரை முழுக்க ஒரு உவமை கிடையாது. ஆனாலும் நான் இதுவரை எழுதிய எல்லாவற்றையும்விட அந்தப் பொடி எழுத்து

(இந்த வாக்கியத்தை முடிக்க மனமில்லை.)

4

“உன் மொழிபெயர்ப்பு போன வாரமே கோர்ட்டுக்குப் போயாச்சு” என்றாள் அக்கா. “வேணும்னே வெட்டி ஒட்டியிருக்காங்கன்னு அவங்க வக்கீல் ஆரம்பிச்சா, மொத்தக் கட்டுரையும் போச்சு. அதுக்கு முன்னாடி நாமளே சொல்லிடணும்.”

“கட்டுரையை முதல்ல கண்டுபிடிச்சது நான்ங்கிறதையும் சொல்லுவியா?”

“ஐயோ, இப்ப இதுவாடி முக்கியம்?”

கட்டிலிலிருந்து அப்பா, “சின்னவ எடுத்தா...” மூச்சு வாங்கினார். “பெரியவ படிச்சா... ரெண்டு பேரும் சேர்ந்தா அரை டாக்டர் தேறும்” என்றார். சிரிக்கப்போய் இருமல் வந்துவிட்டது. அது அடங்கும்வரை நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

5

இந்தக் கதைக்கு முடிவுகள் இரண்டு வைத்திருக்கிறேன். ஒன்றில், நான்தான் விட்டேன் என்று எழுதிக் கொடுக்கிறேன். கோர்ட் நிறைய ஆட்கள், மொழிபெயர்ப்பாளரின் தவறு என்று சத்தமாக வாசிக்கிறார்கள், அக்கா கெட்டிக்காரி ஆகிறாள். இன்னொன்றில், என் பிரதியில் அந்த இடம் அழிந்திருந்தது என்று சாதிக்கிறேன். எது வேண்டுமோ நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு இரண்டும் பிடிக்கவில்லை.

அக்கா வெள்ளைத் தாள் ஒன்றை என் பக்கம் நகர்த்திப் பேனாவைத் திறந்து நீட்டினாள்.

“‘படிச்சேன், அழகா இருக்கணும்னு நான்தான் விட்டேன்’னு உன் கையால எழுதிக் கொடுடி. ஒரே வரி. உவமை வேண்டாம்.”